ஓட்டோச் சத்தத்துக்கு மேலால ஒரு வாசிப்பு

பெரியகல்லாறு
10.08.2025, ஞாயிறு

அன்பு மகள் கம்சாயினிக்கு,

அப்பா எழுதுறன். கண்ணகை அம்மன்ட துணையால நானும் அம்மாவும் இஞ்ச நல்ல சுகம், நீயும் அந்தக் குளிர் ஊரில சளி தடிமன் ஒண்டும் இல்லாம, நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து, எங்களப் போலச் சுகமா இருக்க வேணும் எண்டு விளக்கு வைக்கிற நேரமெல்லாம் கும்பிடுறம். கிழமைக்கு ரெண்டு தரம் போனில முகம் பாத்துக் கதைக்கிறம், இப்ப என்னத்துக்கு இந்த மனுசன் பேனையத் தூக்கினது எண்டு நீ யோசிப்பாய். போனில நான் ரெண்டு சொல்லுச் சொல்லுறதுக்குள்ள அம்மா பறிச்சிடுவா, அவ விட்டுத் தாற நேரம் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிடும். இது கொஞ்சம் நீளமான கதை, இடையில வெட்டினா எனக்குத் திரும்பத் தொடங்க வராது. பேர்னாட் அண்ணன்ட மகள் பீற்றிஸ் வாற வெள்ளிக்கிழமை லண்டனுக்கு வெளிக்கிடுறா, அவவிட்ட இந்தக் கடிதத்தையும் ஒரு பார்சலையும் குடுத்து விடுறன்.

முதல் ஊர்ப் புதினத்தச் சொல்லிட்டு விசயத்துக்கு வாறன். அம்மன் சடங்கு வைகாசியில நல்லபடியா முடிஞ்சிது, கடைசி நாள் குளிர்த்தி அண்டைக்குக் கோயிலடியில கால் வைக்க இடமில்ல, அம்மா உன்ட பேரில நேர்ந்தபடி பொங்கிப் படைச்சவ. வயல் வட்டையில சிறுபோக வெட்டு நடக்குது, மெசின் இறக்கி நம்மட துண்டையும் ஒரே பகலில வெட்டிட்டாங்கள், இந்தமுறை பதர் குறைவு. கச்சான் காத்து அனலா வீசுது, பின்னேரத்தில தான் ஆத்துப் பக்கத்தால கொஞ்சம் குளிர்ச்சி வரும். அந்தக் காத்துக்குக் கிணத்தடி முருங்கை முறிஞ்சு விழுந்திட்டு, நல்ல காலம் ஓட்டோவில விழல்ல. அம்மாட முழங்கால் நோ நல்லாக் குறைஞ்சிட்டு, இப்ப கோயிலுக்கும் சந்தைக்கும் தன்ட பாட்டில நடந்து போய் வாறா. நீ அனுப்பின மருந்தால தான் குறைஞ்சது எண்டு நினைச்சிருப்பாய். மருந்து உன்ட தான் மகள், ஆனா அத வேலை செய்ய வச்சது வேற ஒரு புள்ள. அந்தப் புள்ளைட கதையத் தான் எழுத வந்தன்.

நான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏத்துறது உனக்குத் தெரியும் தானே. இந்த வருசம் மூண்டு பேர். நம்மட ஒழுங்கையில இருக்கிற தோணிக்கார யோகன்ட மகள் விதுர்ஷா, எட்டாம் ஆண்டு. தபால் கந்தோர்க்காரர்ட மகள் நிருஷா, பத்தாம் ஆண்டு, இங்கிலீசில கெட்டிக்காரி. மற்றது மாதா கோயிலடி அன்ரோ, மூண்டாம் ஆண்டு, ஏறினா இறங்குமட்டும் வாய் மூடமாட்டான். காலையில ஆறரைக்கு வெளிக்கிட்டு, பாலம் தாண்டி, கோட்டைக்கல்லாறு, ஓந்தாச்சிமடம் எண்டு போய் மணி அடிக்க முதல் களுவாஞ்சிக்குடியில பள்ளிக்கூட வாசலில இறக்கிடுவன். மாசி மாதத்தில ஒரு விசயம் எனக்குப் பிடிபட்டது. விதுர்ஷாக்கு அடிக்கடி வயித்துக்குத்து வரும். நான் போய் ஓட்டோவில கோன் அடிச்சா தாய்க்காரி வாசல் படலையடியில நிண்டு இண்டைக்கு அவளுக்கு ஏலாதாம் அண்ணன் எண்டு சொல்லுவா. மல்லி அவிச்சுக் குடுத்தாவாம், ஓமத்தண்ணி குடுத்தாவாம், ஆஸ்பத்திரியில காட்டி ஸ்கேனும் எடுத்தாச்சாம், வயித்தில ஒண்டுமில்லையாம். ஆனா குத்து மட்டும் விடல்ல. நான் நாளை எண்ணிப் பாத்தன், அது செவ்வாயும் வியாழனும் மட்டும் தான் வருது. திங்களும் புதனும் வெள்ளியும் நல்லாச் சாப்பிட்டுச் சிரிச்சுக்கொண்டு வந்து ஏறுவாள். வயித்துக்கும் ரைம்டேபிள் தெரியுமோ எண்டு எனக்கு யோசினை. ஒரு செவ்வாய் அவள் வராத நேரம் அன்ரோவிட்டக் கேட்டன். அவன் சட்டெண்டு, மாமா அவக்கு வயித்துக்குத்து இல்ல, இங்கிலீசுக் குத்து எண்டான். நிருஷா அவன்ட வாயப் பொத்தப் பாத்தாள், ஆனா கதை வெளிய வந்திட்டு, அந்த ரெண்டு நாளும் தானாம் இங்கிலீசு வாசிப்பு.

நடந்தது இது தான். இங்கிலீசு ரீச்சர் லீவில நிண்ட ஒரு நாள் பதிலுக்கு வேற பாடம் படிப்பிக்கிற ஒரு சேர் வகுப்புக்கு வந்திருக்கிறார். புத்தகத்தத் திறக்கச் சொல்லி, முன்கூட்டி ஒண்டும் சொல்லாம விதுர்ஷாவ எழுப்பி நீ வாசி எண்டிருக்கிறார். தீவுக்கு இங்கிலீசில ஒரு சொல் இருக்கு தானே, எழுத்துக்கு எழுத்து வாசிச்சா இஸ்லாண்ட் எண்டு தான் வரும், ஐலண்ட் எண்டு சொல்ல வேணுமாம், நடுவில இருக்கிற எழுத்து சும்மா குந்திக்கொண்டு இருக்குதாம். இந்தப் புள்ளைக்கு அது எப்பிடித் தெரியும், அவள் கண்ணுக்குக் கண்டதச் சொல்லியிருக்கிறாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரிச்சதாம், சேரும் சிரிச்சவராம். அதோட விட்டாலும் பரவாயில்ல, இடைவேளையில இஸ்லாண்ட் வாறா, இஸ்லாண்ட் போறா எண்டு பேரும் வச்சாச்சு. சின்ன வகுப்புப் பிள்ளைகளும் இஸ்லாண்ட் அக்கா எண்டு கூப்பிடத் தொடங்கிட்டுதுகள். அவள் வீட்டில ஒண்டும் சொல்லல்ல. தகப்பன் விடியச் சாமம் ஆத்தில வலை இழுத்துட்டு வந்து அசந்து படுக்கிற மனுசன், தாய்க்கு இது என்ன எண்டு விளங்காது. அவள் தனக்குத் தெரிஞ்ச ஒரே மருந்தா வயித்துக்குத்த எடுத்துக்கொண்டாள்.

எனக்குக் கேக்கப் பத்திக்கொண்டு வந்தது, ஆனா என்ன செய்யிறது எண்டும் தெரியல்ல. நான் படிச்ச இங்கிலீசு உனக்குத் தெரியும், ரோட்டில இருக்கிற ஸ்டொப் பலகையோட அது முடிஞ்சிடும். அப்பிடி இருக்கக்குள்ள தான் பங்குனியில இந்த மருந்து விசயம் வந்தது. நீ அனுப்பின பூச்சு மருந்த அம்மா எப்பிடிப் பாவிச்சவ தெரியுமா. நல்லா அள்ளிப் பூசி, அதுக்கு மேல துவாயச் சுத்தி, அதுக்கு மேல சுடுதண்ணி ஒத்தடம். மூண்டாம் நாள் முழங்கால் செக்கச் செவேலெண்டு எரியத் தொடங்கிட்டு, வெள்ளைக்காரன்ட மருந்து நம்மட தோலுக்குச் சரிவராது எண்டு சொல்லி அலுமாரிக்குள்ள எறிஞ்சிட்டா. உன்னட்டச் சொன்னா நீ கவலைப்படுவாய் எண்டு சொல்லவும் விடல்ல. பெட்டிக்குள்ள மடிச்சு வச்ச துண்டில என்னவோ பொடி எழுத்தில இருந்திச்சு, அத நான் சேட்டுப் பொக்கெற்றில வச்சுக்கொண்டு திரிஞ்சன், ஆரும் படிச்ச ஆளக் கண்டாக் கேப்பம் எண்டு. ஒரு திங்கள் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வரக்குள்ள நிருஷாக்கு ரியூசன், அன்ரோக்குக் காய்ச்சல், விதுர்ஷா மட்டும் பின்னால இருக்கிறாள். நான் துண்டப் பின்னால நீட்டி, புள்ள, இதில என்ன கிடக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு, மாமிட கால் எரியிது எண்டன். அவள் கையால தொடவும் இல்ல, நிருஷாக்காட்டக் குடுங்க மாமா எண்டாள். நிருஷா நாளைக்குத் தான் வருவாள், கால் இண்டைக்கெல்லோ எரியிது எண்டு நான் சொன்னன். மறுகா மெல்லத் துண்ட வாங்கினாள். ஓந்தாச்சிமடம் தாண்டக்குள்ள தான் கவனிச்சன், முன்கண்ணாடியில அவள் என்ட கண்ணையே பாத்துக்கொண்டு இருக்கிறாள், நான் சிரிக்கிறனா எண்டு. நான் கையத் தூக்கி அந்தக் கண்ணாடிய மேல கூரைப் பக்கம் திருப்பி விட்டன். ரெண்டு பக்கக் கண்ணாடியும் இருக்கு, ஓடுறதுக்கு அது காணும்.

அதுக்குப் பிறகு சின்னதா ஒரு முணுமுணுப்பு வந்தது. எனக்கு உண்மையா ஒண்டும் கேக்கல்ல மகள், நம்மட ஓட்டோட சத்தம் உனக்குத் தெரியும் தானே. கேக்கல்ல புள்ள எண்டன். கொஞ்சம் கூட்டினாள். இன்னும் கேக்கல்ல எண்டன். இன்னும் கூட்டினாள். கோட்டைக்கல்லாறு வர ஒவ்வொரு சொல்லா உடைச்சு உடைச்சு வந்தது, பாலத்தில ஏறக்குள்ள ஆத்துக் காத்தும் சேந்து அடிக்க, அவள் அந்தத் துண்ட ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கத்தி வாசிக்கிறாள். பாலத்தில தூண்டில் போட்டுக்கொண்டு நிண்ட ஆக்கள் திரும்பிப் பாக்கிறாங்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கல்ல, சரியா பிழையா எண்டும் தெரியா, ஆனா நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டிக்கொண்டு ஓடினன். திடீரெண்டு வாசிப்ப நிப்பாட்டிட்டு, மாமா, சூடு காட்டக்கூடாதாம், துணியால கட்டவும் கூடாதாம், மாமி என்ன செய்யிறவ எண்டு கேட்டாள். ஒத்தடம் குடுக்கிறவ எண்டன். ஐயோ மாமா எண்டு தலையில கைய வச்சாள் பார், எனக்குச் சிரிப்பு வந்து ஓட்டோவ ஓரம் கட்டிட்டன். அவளும் சிரிச்சாள். அண்டைக்கு வீட்டுக்கு வந்து அம்மாட்ட நேராச் சொன்னாள், ஒரு நாளைக்கு மூண்டு தரம், மெல்லிசாப் பூச வேணும், ஒத்தடம் வேண்டாம், துவாய் வேண்டாம் எண்டு. கால் சுகமாகினதும் அம்மா முதல் வேலையா ஒரு பெட்டி கொழுக்கட்டை அவிச்சுக் கொண்டு போய்க் குடுத்தவ, இப்பவும் ஒழுங்கையில அவளக் கண்டா நம்மட டொக்டர் வாறா எண்டு தான் கூப்பிடுறா. ஒரு பேருக்குப் பதிலா இன்னொரு பேர் கிடைச்சிட்டு அவளுக்கு.

துண்டு வாசிச்சதுக்கு அடுத்த நாள் செவ்வாய். நான் கோன் அடிச்சன், தாய் வரல்ல, அவளே புத்தகப் பையோட வந்து ஏறினாள். பாலம் வந்ததும், மாமா இண்டைக்கு எனக்கு ஒரு பக்கம் இருக்கு, வாசிக்கட்டா எண்டாள். வாசி எண்டன். அவள் தொடங்கினதும் நிருஷா இடையில திருத்தினாள், அதோட ஒரு சின்னச் சிரிப்பும் வந்தது. நான் ஓட்டோவ நிப்பாட்டிச் சட்டம் போட்டன். இதுக்குள்ள ஆரும் வாசிக்கக்குள்ள சிரிக்கிற ஆள் அவடத்திலயே இறங்கி நடக்க வேணும், திருத்துறதெண்டா வாசிக்கிற ஆள் கேட்டாத் தான் திருத்தலாம். நிருஷா நல்ல புள்ள, முகம் கறுத்திட்டு, ஆனா மறு நாள் அவளே விதுர்ஷாக்குப் பக்கத்தில இருந்து ஒரே புத்தகத்த ரெண்டு பேருமாப் பிடிச்சு ஒண்டா வாசிக்கத் தொடங்கினாள். ரெண்டு குரலும் சேந்து போகக்குள்ள ஆர் தடுக்குறது எண்டு தெரியாது, ஒராள் விழுந்தா மற்றாள் இழுத்துக்கொண்டு போவாள். அன்ரோவும் விடுவானா, தன்ட படப் புத்தகத்தக் கொண்டு வந்து மூண்டு வரிய முப்பது தரம் கத்துவான். ஓந்தாச்சிமடத்தில மீன் விக்கிற பக்கீர் நானா ஒரு நாள் என்னை மறிச்சு, தங்கராசாண்ணன், உங்கட ஓட்டோ வரக்குள்ள இங்கிலீசுச் செய்தி போற மாதிரி இருக்கு, நான் அதக் கேட்டுத் தான் மணி பாக்கிறன் எண்டு பகிடி விட்டார். சில நாள் வாசிக்கிற பந்தி நீளமெண்டா நான் வேகத்தக் குறைச்சிடுவன். ரெண்டு தரம் மணி அடிச்ச பிறகு போய் வாசலில பேச்சும் வாங்கினன்.

அந்தப் பேச்சால தான் ஸஹ்ரா ரீச்சரப் பழக்கம். அவ தான் இங்கிலீசு ரீச்சர், சின்ன வயசு, ஏறாவூரில இருந்து விடிய வெள்ளன பஸ் ஏறி வாறவ. ஒரு நாள் வாசலில என்னக் கூப்பிட்டு, அங்கிள், விதுர்ஷா போன தவணை வாயே திறக்காத புள்ள, இப்ப கைய உயத்திறா, வீட்டில ஆரும் சொல்லிக் குடுக்கிறாங்களா எண்டு கேட்டா. நான் சங்கதி முழுக்கச் சொன்னன், இஸ்லாண்ட் கதையும் சொன்னன். பாவம், அவக்கு அது தெரியாதாம், நான் இல்லாத நேரம் இப்பிடி நடந்திருக்கா எண்டு கண் கலங்கிட்டு. மறுகா, ஓட்டோக்குள்ள நீங்க என்ன செய்யிறீங்க எண்டு கேட்டா. நான் ஒண்டும் செய்யல்ல ரீச்சர், வண்டி ஓடுறன், திரும்பிப் பாக்கிறதில்ல, எனக்கு விளங்கிறதும் இல்ல எண்டன். அவ சிரிச்சுப் போட்டு, நாங்க ரீச்சர்மார் செய்யிற பிழை அதுதான் அங்கிள், ஒவ்வொரு சொல்லுக்கும் மறிச்சு மறிச்சுத் திருத்துறம், புள்ளைக்கு மூச்சு விட இடமில்ல எண்டா. அடுத்த கிழமையில இருந்து வகுப்பிலயும் மாத்தினவவாம். நாளைக்கு வாசிக்கிற பக்கத்த இண்டைக்கே குடுத்து விடுறது, முதல் தான் வாசிச்சுக் காட்டுறது, பிறகு முழு வகுப்பும் ஒண்டா, பிறகு ரெண்டு ரெண்டு பேரா, கடைசியாத் தான் விருப்பமான ஆள் தனிய. சிரிக்கிற ஆள் அடுத்ததா எழும்பி வாசிக்க வேணுமாம். என்னட்ட இறங்கி நடக்கிற தண்டனை, அவவிட்ட எழும்பி நிக்கிற தண்டனை.

ஆடி மாதம் பள்ளிக்கூடத்தில இங்கிலீசு தினம் வந்தது. ஸஹ்ரா ரீச்சர் விதுர்ஷாவக் கேட்டாவாம், முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால ஒரு பக்கம் வாசிப்பீங்களா, கட்டாயமில்ல, பக்கத்த நீங்களே தெரிஞ்செடுக்கலாம் எண்டு. இவள் ரெண்டு நாள் யோசிச்சுப் போட்டு எந்தப் பக்கத்த எடுத்தாள் தெரியுமா. கடலுக்கு நடுவில தனிய வெளிச்சவீடு காக்கிற ஒரு மனுசன்ட கதை, அதில அந்தத் தீவுச் சொல் ஏழு தரம் வருதாம். ஏன் புள்ள அதத் தான் எடுக்க வேணுமா எண்டு நான் கேட்டன். ஓம் மாமா, அதத் தான் எடுக்க வேணும் எண்டாள். மூண்டு கிழமை ஓட்டோவில அந்த வெளிச்சவீட்டு மனுசன் தான். எனக்கே பாடமாகிட்டு.

அண்டைக்கு நானும் போனன், பெற்றாரையும் வரச் சொல்லி இருந்தவங்கள். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பின்னால மாமரத்தடியில நிண்டன். நிகழ்ச்சி தொடங்கி ரெண்டாவது புள்ளை பேசிக்கொண்டு நிக்கக்குள்ள கரண்ட் போயிட்டு. மைக் செத்திட்டு. அந்தப் புள்ளை வாய அசைக்கிறது தெரியிது, சத்தம் மூண்டாம் வரிசைக்கு இஞ்சால வரல்ல, பின்னுக்கு இருந்த பொடியன்மார் கதைக்கத் தொடங்கிட்டாங்கள். அடுத்தது ரெண்டு பேர் ஏறினாங்கள், அதுவும் கேக்கல்ல. ஒழுங்கு செய்த சேர் நிகழ்ச்சிய நிப்பாட்டுவமா எண்டு கேக்கிறது எனக்குத் தெரியிது. அந்த நேரம் யோகன் வந்து எனக்குப் பக்கத்தில நிண்டான். ஆத்தால நேரா வந்திருக்கிறான், கட்டின சறமெல்லாம் ஈரம், உள்ள வந்து கதிரையில இருக்க வெக்கத்தில மரத்தோட ஒட்டிக்கொண்டு நிக்கிறான். விதுர்ஷா மேடையில ஏறினாள். மைக்க ஒருக்காப் பாத்தாள், அதத் தள்ளி வச்சிட்டு ரெண்டு அடி முன்னுக்கு வந்தாள். அவள் புத்தகத்தத் திறந்து தொடங்கினாள் பார் மகள், பாலத்தில கச்சான் காத்துக்குள்ள எஞ்சின் சத்தத்துக்கு மேலால கத்திப் பழகின குரல் அது, மாமரத்தடி தாண்டி மதிலுக்கு அங்கால ரோட்டில போன ஆளும் சைக்கிள நிப்பாட்டிப் பாத்தது. கதைச்ச பொடியன்மார் வாய மூடிட்டாங்கள்.

முதல் தரம் அந்தச் சொல் வந்தது. ஐலண்ட் எண்டு சொல்லிட்டு ஒரு கொஞ்சம் நிப்பாட்டி, நிமிந்து கூட்டத்தப் பாத்திட்டுத் தான் மற்றச் சொல்லுக்குப் போனாள். ஏழு தரமும் நான் விரல மடிச்சு எண்ணினன். ஆனா இடையில வேற ஒரு சொல்லில தடக்கிட்டாள், அது என்ன சொல் எண்டு எனக்குத் தெரியா, மூச்சு மாறினதில தான் எனக்குப் பிடிபட்டது, எங்கயோ ஒரு சிரிப்பும் கேட்டது. அவள் சிரிச்ச பக்கத்தப் பாத்தாள், கோவமும் இல்ல, அழுகையும் இல்ல, அந்த வரியத் திரும்ப முதலில இருந்து வாசிச்சாள், அந்தச் சொல்லச் சரியாச் சொன்னாள், தன்ட பாட்டில போனாள். யோகன் என்ட கையப் பிடிச்சுக்கொண்டு, அண்ணன், சரியா வாசிக்கிறாளா எண்டு கேக்கிறான். எனக்கும் தெரியா யோகன், ஆனா எல்லாருக்கும் கேக்குது எண்டன். வாசிச்சு முடிய அடிச்ச கைதட்டில மரத்தில இருந்த காகமெல்லாம் எழும்பிட்டு. யோகன் ஈரச் சறத்தத் தூக்கி முகத்தத் துடைச்சுப் போட்டு, கடையில போய் மூண்டு பிள்ளைகளுக்கும் எனக்கும் ஐஸ்பழம் வாங்கிக் கொண்டு வந்து நீட்டினான். அவன்ட பாராட்டு அது. அதுக்குப் பிறகு இண்டைக்கு வரைக்கும் ஒரு செவ்வாயும் வயித்துக்குத்து வரல்ல.

இனி என்ட கூத்தக் கேள். அண்டைக்குத் திரும்பி வரக்குள்ள ஓட்டோக்கு எண்ணெய் அடிக்க வரிசையில நிண்டம். சும்மா நிக்கிற நேரம் அன்ரோ தன்ட படப் புத்தகத்த எனக்கு நீட்டி, மாமா, நாங்க எல்லாரும் வாசிச்சாச்சு, இப்ப நீங்க எண்டான். நான் மாட்டன் எண்டன். மற்ற ரெண்டு பேரும் சேந்து, ஓட்டோச் சட்டம் எல்லாருக்கும் தான் மாமா எண்டாளுகள். நான் கடைசியா ஒரு இங்கிலீசுப் புத்தகத்த வாய் விட்டு வாசிக்கப் பாத்தது பதினாலு வயசில. அதுவும் வாசிக்கல்ல, எழும்பி நிண்டன், தொண்டையால ஒண்டும் வரல்ல, மணி அடிக்குமட்டும் நிண்டன், அதோட அந்தப் பாடத்துக்குப் போறத விட்டன். இத நான் அம்மாவிட்டயும் சொன்னதில்ல. அண்டைக்கு வேர்க்க வேர்க்க மூண்டு வரி வாசிச்சன், பூனையப் பத்தினது. ரெண்டு இடத்தில அன்ரோ திருத்தினான், நான் கேட்ட பிறகு தான். ஒருத்தரும் சிரிக்கல்ல. பின்னால நிண்ட வான்காரன் கோன் அடிச்ச பிறகு தான் வரிசை நகர்ந்தது தெரிஞ்சிது.

மகள், இதெல்லாம் ஏன் எழுதுறன் எண்டு இப்ப சொல்லுறன். போன கிழமை அம்மா என்னட்ட ஒரு விசயம் சொன்னா. நீ அப்பாட்டச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னதாம், அவவால ரெண்டு நாளைக்கு மேல வச்சிருக்க ஏலாமப் போயிட்டு. இப்பவும் பக்கத்தில நிண்டு நான் சொன்னன் எண்டு எழுதாதீங்க எண்டு சொல்லுறா, எழுதிட்டன். உங்கட வயோதிபர் இல்லத்தில டியூட்டி மாறுற நேரம், ராவு நடந்ததெல்லாத்தையும் குறிப்புப் பாத்து எல்லாருக்கும் சத்தமா வாசிக்க வேணுமாம், நீ வாசிக்கக்குள்ள ஒருத்தி திருப்பித் திருப்பி என்ன என்ன எண்டு கேட்டவளாம், அதுக்குப் பிறகு நீ கடதாசிய மற்றப் புள்ளைட கையில குடுத்திட்டுப் பின்னால நிக்கிறாயாம். மேல ஒரு பொறுப்புக்கு உன்னக் கேட்டும், வாசிக்க வேணும் எண்ட பயத்தில வேண்டாம் எண்டு சொல்லப் போறாயாம். இதக் கேட்ட ராவு எனக்கு நித்திரை இல்ல. உன்ட வேலையில உன்னப் பிழை சொல்லல்ல, அந்தக் கிழடுகளுக்கு நீ எப்பிடிப் பணிவிடை செய்யிறாய் எண்டு எனக்குத் தெரியும். எனக்கு நித்திரை இல்லாமப் போனது வேற ஒரு ஞாபகத்தால.

நீ ஆறாம் ஆண்டு படிக்கக்குள்ள ஒரு நாள் இங்கிலீசுப் புத்தகத்தோட வந்து, அப்பா நான் வாசிக்கிறன் கேளுங்க எண்டாய். நான், எனக்கு என்ன தெரியும், போய் ரீச்சரிட்ட வாசி எண்டு சொல்லிப் போட்டு ஓட்டோவக் கழுவப் போனன். உனக்கு ஞாபகம் இருக்குதோ தெரியா. எனக்கு வெக்கம் மகள், பிள்ளைக்கு முன்னால தெரியாது எண்டு நிக்கிற வெக்கம். கேக்கிறதுக்குப் படிப்பு வேணும் எண்டு நினைச்சன். வேண்டாமாம். நம்மட ஒழுங்கைப் புள்ளை எனக்கு அதப் படிப்பிச்சிட்டாள். அண்டைக்கு நீ நீட்டின புத்தகத்த நான் பதினாறு வருசம் பிந்திக் கேக்கிறன், எனக்கு வாசிச்சுக் காட்டு. அந்த இல்லத்துக் குறிப்பு வேண்டாம், அது அந்தக் கிழடுகள்ட சொந்த விசயம். சவர்க்காரப் பெட்டியில எழுதிக் கிடக்கிறத வாசி, பஸ்ஸில ஒட்டியிருக்கிறத வாசி, எதெண்டாலும் சரி. போனில குரலப் பதிஞ்சு அனுப்பு. சத்தமா வாசி, பக்கத்து அறைக்காரிக்குக் கேக்குமெண்டு யோசிக்காத. நான் தினமும் காலையில ஓட்டோவ எடுக்க முதல் ஆறு மணிக்குப் போனக் காதில வச்சுக் கேப்பன். எனக்கு விளங்காது, திருத்தவும் தெரியாது, முழுக்கக் கேப்பன். அந்தப் பொறுப்ப வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு முதல் ஒரு மாதம் இப்பிடிச் செய்து பார், மறுகா உன்ட விருப்பம், நீ என்ன முடிவெடுத்தாலும் அப்பா ஒண்டும் சொல்லமாட்டன்.

பார்சலில இடிச்ச மிளகாய்த்தூளும், கூனி இறாலும், முறுக்கும் இருக்கு. கூனிய வறுக்கக்குள்ள யன்னலத் திறந்து வை, அந்த ஊர் ஆக்கள் நெருப்பெண்டு நினைச்சுப் பொலிசக் கூப்பிடப் போறாங்கள். பீற்றிஸ் வந்து சேந்ததும் நீயே போய் அவவப் பார், புது ஊரில தனிய இருப்பா. வெறுங்காலோட நிலத்தில திரியாத. அம்மன் உனக்குத் துணை நிப்பா, கையும் காலும் சுகமா, நினைச்சதெல்லாம் கைகூடி நல்லா இருப்பாய் மகள். இந்தக் கடிதம் கிடைச்ச அண்டைக்கே முதல் வாசிப்ப அனுப்பு, ஒரு வரி எண்டாலும் காணும், காலையில போனக் கையில வச்சுக்கொண்டு நான் படலையடியில நிப்பன்.

உன்ட வாசிப்பக் கேக்கக் காத்திருக்கிற
அப்பா
மு. தங்கராசா